விஸ்கர் மெனுவை நம் கைக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி: லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. சித்தப்பாவின் லேப்டாப் பழசு. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அதில் கிடையாது, ரேமும் 4 ஜிபிதான். தூக்கிப் போட மனசில்லாமல், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில், இலகுவான டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ உள்ள பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள் போன் வந்தது.

"டேய், எல்லாம் இருக்குங்கிற. எனக்கு வேண்டியது எதுவும் கண்ணுல படலையேடா."

போய்ப் பார்த்தால், மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கிறார். செல்லுலாய்டு, ஹிப்னாட்டிக்ஸ், வார்ப்பினேட்டர், டிரான்ஸ்மிஷன், ரிதம்பாக்ஸ். "மருந்துக்கடை பில்லு மாதிரி இருக்கு. இதுல எதுடா படம் பாக்குறது?" என்றார். செல்லுலாய்டுதான் வீடியோ பிளேயர். தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது.

அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெனுவைப் பிரித்து மேய்ந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மெனுவை அழகாக்குவது எப்படி என்றுதான் பலரும் தேடுகிறார்கள். கலரும் ஐகானும் ஐந்து நிமிட வேலை. வேண்டாததை எடுப்பதும், வேண்டியதற்கு நம் வாயில் வரும் பெயரை வைப்பதும்தான் பெரிய வேலை.

இதில் உள்ளவை விஸ்கர் மெனுவுக்கானவை. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, 14.04 முதலான சுபுண்டு (எக்ஸ்எஃப்சிஇ-யோடு வரும் இன்னொரு லினக்ஸ்) இரண்டிலும் அதுதான் வழக்கமான மெனு. சின்னமன், கேடிஇ போன்ற வேறு டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு மெனுவே வேறு, அதனால் படிகளும் வேறு. (எக்ஸ்எஃப்சிஇ-யின் சின்னம் ஓர் எலி. விஸ்கர் என்பது அந்த எலியின் மீசை. பெயர்க் காரணம் தெரிந்ததும் சித்தப்பா "எலி மீசை மெனு" என்றே அழைக்க ஆரம்பித்துவிட்டார்.) உங்கள் வெர்ஷனைப் பொறுத்து ஒரு வசதி இந்த டேபில் இல்லாமல் பக்கத்து டேபில் இருக்கலாம். பதற வேண்டாம், தேடினால் கிடைத்துவிடும்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெனுவில் தெரியும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. டெஸ்க்டாப் ஃபைல் என்பார்கள். பெயர் என்ன, எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும், ஐகான் எது, எந்தப் பிரிவில் காட்ட வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருக்கும். மெனு இந்த ஃபைல்களைப் படித்து அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஃபைல்கள் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று சிஸ்டத்துக்குப் பொதுவான ஃபோல்டர். இன்னொன்று உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'லோக்கல்' ஃபோல்டர். அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்'. ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் ஃபைல் இருந்தால் உங்களுடையதுதான் செல்லும். நீங்கள் மெனுவில் ஒரு பெயரை மாற்றினால், அசல் ஃபைலை யாரும் தொடுவதில்லை. அதன் நகல் ஒன்று உங்கள் ஃபோல்டரில் உருவாகி, அதில்தான் மாற்றம் எழுதப்படும். பிடிக்கவில்லையா? அந்த நகலை அழித்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஆகவே தைரியமாகக் கை வைக்கலாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. பேனலில் (திரையின் ஓரத்தில் நீளும் பட்டை) உள்ள மெனு பட்டனை ரைட் கிளிக் செய்தால் 'ப்ராப்பர்ட்டீஸ்' வரும், அதே பட்டியலில் 'ரிமூவ்' என்பதும் இருக்கும். நான் அவசரத்தில் ரிமூவைக் கொடுத்து, வந்த கேள்வியைப் படிக்காமலே ஓகே தட்டிவிட்டேன். மெனு போனது மட்டுமில்லை, அதன் செட்டிங்ஸும் பிடித்தமானவை பட்டியலும் சேர்ந்து போயின. பேனலில் மறுபடி சேர்த்தால் வருவது புத்தம்புது மெனு. ஒரு மணி நேர வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

ஃபேவரைட்ஸில் ஏழெட்டு போதும்

மெனுவைத் திறந்ததும் முதலில் தெரிவது ஃபேவரைட்ஸ். மின்ட் தானாகவே சிலவற்றை அதில் போட்டு வைத்திருக்கும். அவை உங்களுக்குப் பிடித்தமானவையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் வேலையாக அதைக் காலி செய்யுங்கள்: ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து 'ரிமூவ் ஃப்ரம் ஃபேவரைட்ஸ்'. ஆப் எங்கும் போகாது, இந்தப் பட்டியலிலிருந்து மட்டும் விலகும்.

இப்போது ஒரு பேப்பரை எடுத்து, தினமும் திறப்பவை என்னென்ன என்று எழுதிப் பாருங்கள். சித்தப்பாவுக்கு ஆறுதான் தேறியது: பிரவுசர், படம், போட்டோ, கணக்கு எழுதும் கால்க், ஃபைல் மேனேஜர், ஸ்கேனர். 'ஆல் அப்ளிகேஷன்ஸ்' பிரிவில் அவற்றைத் தேடி, ரைட் கிளிக் செய்து 'ஆட் டு ஃபேவரைட்ஸ்' கொடுத்தோம். பிறகு ஃபேவரைட்ஸுக்கு வந்து, மவுஸால் பிடித்து இழுத்து, அடிக்கடி தொடுவது மேலே வரும்படி வைத்தோம். அதே ரைட் கிளிக்கில் அகர வரிசைப்படி அடுக்கும் வசதியும் உண்டு. ஆறேழு பெயருக்கு அது எதற்கு? கை பழகிய வரிசைதான் நல்ல வரிசை.

பத்தைத் தாண்டினால் ஃபேவரைட்ஸ் என்பதற்கே அர்த்தமில்லை. அது இன்னொரு 'ஆல் அப்ளிகேஷன்ஸ்' ஆகிவிடும்.

திறந்ததும் ஃபேவரைட்ஸ் வராமல் வேறு பிரிவு வந்தால், ப்ராப்பர்ட்டீஸில் 'பிஹேவியர்' டேபுக்குப் போங்கள். 'டிஃபால்ட் கேட்டகரி' என்ற இடத்தில் ஃபேவரைட்ஸ், சமீபத்தில் பயன்படுத்தியவை, எல்லாம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சமீபத்தில் பயன்படுத்தியவை பட்டியலில் எத்தனை காட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

பெயர் மாற்றுவது

எனக்கு இதுதான் பிடித்த பகுதி. மொத்த சிஸ்டத்தையும் தமிழுக்கு மாற்றிவிடலாமே என்று முதலில் தோன்றியது. மாற்றியும் பார்த்தேன். சில பெயர் தமிழில், சில ஆங்கிலத்தில் என்று கலந்து கட்டி வந்தது. இருந்த குழப்பம் இரண்டு மடங்கானது. சிஸ்டம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், தினமும் பார்க்கும் ஆறேழு பெயரை மட்டும் தமிழாக்கலாம் என்று முடிவு செய்தேன்.

1. மெனுவில் ஆப்பை ரைட் கிளிக் செய்து 'எடிட் அப்ளிகேஷன்' கொடுங்கள்.
2. சின்ன விண்டோ ஒன்று திறக்கும். 'நேம்' கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள்.
3. 'கமென்ட்' கட்டத்தில் ஒரு வரி விளக்கம் எழுதலாம். விளக்கம் காட்டும் வசதி இயங்கினால் பெயருக்குக் கீழே அது சிறிய எழுத்தில் தெரியும்.
4. ஐகான் மேல் கிளிக் செய்தால் வேறு ஐகான் எடுக்கலாம்.
5. 'கமாண்ட்' கட்டத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். சேவ் செய்யுங்கள்.

பெயரை நீங்களாக வைக்காமல், பயன்படுத்தப் போகிறவரிடமே கேளுங்கள். கால்க்குக்கு 'விரிதாள்' என்று எழுதப் போனேன். "அது என்னடா விரிதாள்? வரவு செலவுன்னு போடு" என்றார் சித்தப்பா. செல்லுலாய்டு 'சினிமா' ஆனது. பிரவுசர் 'நெட்' ஆனது. ஸ்கேனருக்கு மட்டும் 'ஜெராக்ஸ்' என்று போடச் சொன்னார். அது ஜெராக்ஸ் இல்லை என்று விளக்கப் போய், அப்புறம் விட்டுவிட்டேன். அவர் லேப்டாப், அவர் பெயர்.

தமிழில் பெயர் வைத்தால் தேட முடியாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். விஸ்கர் மெனு பெயரை மட்டும் பார்ப்பதில்லை. விளக்கம், பொதுப்பெயர், பின்னால் ஓடும் கட்டளை எல்லாவற்றிலும் தேடும். 'வரவு செலவு' என்று மாற்றிய பிறகும், ஆங்கிலத்தில் கால்க் என்று அடித்தால் வந்து நிற்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: 'ஆல் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு, கடைசியில் போய் உட்காரும். ஃபேவரைட்ஸில் நாம் வைத்த வரிசைதான் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.

'ஷோ ஜெனரிக் அப்ளிகேஷன் நேம்ஸ்' என்று ஒரு வசதி ப்ராப்பர்ட்டீஸில் உண்டு. அதை டிக் செய்தால் ஃபயர்ஃபாக்ஸ் என்பதற்குப் பதில் 'வெப் பிரவுசர்' என்று காட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பிரவுசர் வைத்திருந்தால் இரண்டுமே 'வெப் பிரவுசர்'. எது எது என்று ஐகானைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

மறைப்பதில் இரண்டு வகை உண்டு

ரைட் கிளிக் மெனுவிலேயே 'ஹைட் அப்ளிகேஷன்' இருக்கிறது. வேண்டாததை எல்லாம் இதில் தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். பிடிஎஃப் திறக்கும் 'டாக்குமென்ட் வியூவர்' மெனுவில் எதற்கு, பிடிஎஃப்பை கிளிக் செய்தால் தானாகத் திறக்கப் போகிறது என்று அதையும் மறைத்தேன். மறுநாள் சித்தப்பாவுக்கு மெயிலில் ஒரு பிடிஎஃப் வந்தது. கிளிக் செய்தால் டாக்குமென்ட் வியூவர் திறக்கவில்லை. 'ஓபன் வித்' பட்டியலில் தேடினால் அங்கேயும் அதைக் காணோம்.

காரணம் இதுதான். டெஸ்க்டாப் ஃபைலில் மறைப்பதற்கு இரண்டு தனித்தனி வரிகள் உண்டு. ஒன்று, 'நோ டிஸ்ப்ளே'. ஆப் இருக்கிறது, மெனுவில் மட்டும் காட்டாதே என்று பொருள். இன்னொன்று, 'ஹிடன்'. இப்படி ஓர் ஆப் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள் என்று பொருள். விஸ்கர் மெனுவின் ஹைட் எழுதுவது இந்த இரண்டாவது வரியை. ஆகவே அந்த ஆப் மெனுவிலிருந்து மட்டுமில்லாமல், ஃபைலைத் திறக்கும் பட்டியலிலிருந்தும் காணாமல் போகிறது.

எனவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபைல் எதையும் திறக்காத, உங்களுக்குத் தேவையே இல்லாத ஆப் என்றால் விஸ்கரின் ஹைட் போதும். மறைக்கும்போது ஓர் எச்சரிக்கை வரும். திரும்ப வேண்டுமென்றால் இன்ன ஃபைலை அழி என்று முழு முகவரியோடு சொல்லும். அதைப் படித்துவிட்டு ஓகே கொடுங்கள். படம், பாட்டு, பிடிஎஃப், டாக்குமென்ட் என்று ஏதாவது ஒன்றைத் திறக்கும் ஆப்பாக இருந்தால் அதற்கு மெனுலிப்ரே வேண்டும்.

மெனுலிப்ரே ஒரு மெனு எடிட்டர். உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி நிறுவிக்கொள்ளலாம். திறந்தால் இடது பக்கம் பிரிவுகளும் ஆப்களும், வலது பக்கம் அவற்றின் விவரமும் இருக்கும். ஆப்பைத் தேர்ந்தெடுத்து 'ஹைட் ஃப்ரம் மெனுஸ்' என்ற சுவிட்சைப் போட்டு, மறக்காமல் மேலே உள்ள சேவ் பட்டனை அழுத்துங்கள். இது முதல் வகை மறைப்பு. மெனுவில் தெரியாது, ஆனால் ஃபைலைக் கிளிக் செய்தால் எப்போதும்போலத் திறக்கும்.

இப்படி மாற்றிய ஓர் ஆப்பைப் பின்னால் அன்இன்ஸ்டால் செய்தால், உங்கள் ஃபோல்டரில் உள்ள நகல் அங்கேயே கிடக்கும். மெனுவில் பெயர் மட்டும் இருக்கும், கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. அந்த நகலைக் கையால் அழித்தால் சரியாகிவிடும். அதேபோல ஒரே ஆப் மெனுவில் இரண்டு தடவை தெரிந்தால், சாதாரண பேக்கேஜாக ஒன்றும் ஃபிளாட்பேக்காக (தனக்கு வேண்டியதைத் தானே சுமந்து வரும் பேக்கேஜ்) ஒன்றும் நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே மறைப்பது தீர்வில்லை. ஒன்றை நீக்கிவிடுங்கள், டிஸ்கிலும் இடம் மிச்சம்.

ஒரு குறிப்பிட்ட ஃபைலையே மெனுவில் வைக்க

சித்தப்பா தெரு நலச் சங்கத்தின் கணக்கைப் பார்க்கிறார். எல்லாம் ஒரே ஃபைல். கால்க்கைத் திறந்து, அப்புறம் ஃபைலைத் தேடுவது அவருக்கு வீண் வேலை. மெனுவிலேயே அந்த ஃபைலை வைத்துவிட்டோம்.

மெனுலிப்ரேயில் கால்க்கைத் தேர்ந்தெடுத்து, அதன் 'கமாண்ட்' வரியைக் காப்பி செய்யுங்கள். பிறகு கூட்டல் குறியை அழுத்தி 'ஆட் லாஞ்சர்' கொடுங்கள். புதிய லாஞ்சருக்கு 'சங்கக் கணக்கு' என்று பெயர். காப்பி செய்த வரியைக் கமாண்ட் கட்டத்தில் ஒட்டுங்கள். அதன் கடைசியில் ஒரு சதவீதக் குறியும் அதை ஒட்டி ஓர் எழுத்தும் இருக்கும். திறக்க வேண்டிய ஃபைல் வந்து உட்காரும் இடம் அது. அந்த இரண்டையும் அழித்துவிட்டு, அதே இடத்தில் உங்கள் ஃபைலின் முழு முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். இல்லாவிட்டால் பெயர் இரண்டு துண்டாக உடைந்து, இல்லாத ஃபைல்களைத் தேடப் போய்விடும். சேவ் செய்து, மெனுவுக்கு வந்து, ஃபேவரைட்ஸில் சேர்த்தால் முடிந்தது. ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் இந்த வரியையும் மாற்ற வேண்டும்.

வெப்சைட்டுகளுக்கு இவ்வளவு சுற்ற வேண்டாம். 2021 ஜனவரியில் வந்த மின்ட் 20.1 முதல் 'வெப் ஆப்ஸ்' என்ற கருவி கூடவே வருகிறது. பெயர், முகவரி, ஐகான், எந்தப் பிரிவு, எந்த பிரவுசர் என்று கொடுத்தால் அந்தத் தளம் தனி ஆப் போல மெனுவில் வந்துவிடும். ஐஆர்சிடிசி-யும் கரண்ட் பில் கட்டும் பக்கமும் இப்படித்தான் அவர் மெனுவுக்கு வந்தன.

தேடல் கட்டத்தில் ஒளிந்திருக்கும் வசதி

ப்ராப்பர்ட்டீஸின் கடைசி டேப் 'சர்ச் ஆக்‌ஷன்ஸ்'. பெரும்பாலானவர்கள் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. மெனுவின் தேடல் கட்டத்தில் ஒரு குறியை முன்னால் போட்டு எழுதினால், ஆப்பைத் தேடாமல் வேறு வேலை செய்யச் சொல்லலாம். கேள்விக்குறி போட்டு எழுதினால் இணையத்தில் தேடும். ஆச்சரியக்குறி போட்டால் எழுதியதை டெர்மினலில் (கட்டளைகளை எழுதி ஓட்டும் விண்டோ) ஓட்டும். ஆச்சரியக்குறியை ஒட்டி ஆங்கில டபிள்யூ போட்டால் விக்கிப்பீடியாவுக்குப் போகும்.

அந்த விக்கிப்பீடியா வரியைத் தேர்ந்தெடுத்துக் கட்டளையைப் பாருங்கள். முகவரியில் விக்கிப்பீடியா என்ற சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தைக் குறிக்கும் ஈ, என் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அவற்றை அழித்து டி, ஏ என்று அடியுங்கள். இனி அந்தக் குறியோடு தமிழில் 'கரிகாலன்' என்று எழுதி என்டர் தட்டினால் தமிழ் விக்கிப்பீடியா பக்கம் திறக்கும். ஒரே சிக்கல், குறியை ஆங்கில விசைப்பலகையிலும் பெயரைத் தமிழிலும் அடிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் விசைப்பலகையை மாற்றுவது எரிச்சல் என்றால், இந்த வரியின் 'பேட்டர்ன்' கட்டத்தில் இருப்பதை எடுத்துவிட்டு 'வி' என்ற தமிழ் எழுத்தையும் ஓர் இடைவெளியையும் போட்டுவிடுங்கள். தமிழ் 99 விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் அடித்துவிடலாம். மெனுவைத் திறப்பதற்கு முன்பே தமிழுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

தோற்றம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மாற்றிப் பார்த்தாலே புரியும். ஆப்களை ஐகான்களாகவோ பட்டியலாகவோ மரக்கிளை போலவோ காட்டலாம். கண் மங்கலாகத் தெரிபவர்களுக்கு ஆப் ஐகானைப் பெரிதாக்கி, பட்டியல் வடிவில் வைப்பது நல்லது. பின்னணியை ஊடுருவித் தெரியும்படி வைக்கும் வசதி பார்க்க ஜோர். பின்னால் எழுத்து நிறைந்த விண்டோ இருந்தால் படிக்க முடியாது. மெனுவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அளவு மாறும். ஃபேவரைட்ஸ் முழுவதும் உருட்டாமல் தெரியும் அளவுக்கு வையுங்கள்.

தேடல் கட்டத்தை மெனு பட்டனுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் டிக் ஒன்று இருக்கிறது. பேனல் கீழே இருப்பவர்கள் அதைப் போட்டுப் பாருங்கள், கண் அலைவது குறையும். பிரிவுகள் மேல் மவுஸை வைத்தாலே மாறும் வசதியை வயதானவர்களுக்கு அணைத்துவிடுங்கள். கை லேசாக நடுங்கினாலும் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அவர்கள் தாங்கள்தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டதாக நினைப்பார்கள்.

பட்டனில் ஐகானோடு தலைப்பும் காட்டலாம். சித்தப்பாவின் பட்டனில் இப்போது 'தொடங்கு' என்று இருக்கிறது.

விசை

மின்ட்டில் விண்டோஸ் விசையைத் தட்டினாலே மெனு திறக்கும், உடனே எழுதத் தொடங்கலாம். வேறு விசை வேண்டுமென்றால் செட்டிங்ஸ் மேனேஜரில் 'கீபோர்டு', அதில் 'அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ்'. பட்டியலில் விஸ்கர்மெனு என்று முடியும் கட்டளையைத் தேடி, விசையை மாற்றுங்கள். விண்டோஸ் விசையோடு வேறு எழுத்துகளைச் சேர்த்துக் குறுக்குவழிகள் வைத்திருந்து, அவற்றை அழுத்தும்போதெல்லாம் மெனு குறுக்கே வந்தால், மெனுவைக் கன்ட்ரோல்-எஸ்கேப்புக்கு மாற்றிவிடுங்கள்.

நகல் எடுத்து வைக்க

ஃபைல் மேனேஜரில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல்-ஹெச் தட்டினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் உள்ள எக்ஸ்எஃப்சிஇ 4 ஃபோல்டர், 'மெனுஸ்' என்று ஒன்று இருந்தால் அது, முதலில் சொன்ன லோக்கல் ஃபோல்டருக்குள் உள்ள 'அப்ளிகேஷன்ஸ்' ஆகியவற்றைப் பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். பெயர் மாற்றம், மறைத்தவை, ஃபேவரைட்ஸ் எல்லாம் இவற்றுக்குள் அடங்கும். முன்பு நான் ரிமூவ் தட்டிய அன்றைக்கு இதைச் செய்து வைத்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

போன வாரம் சித்தப்பாவிடமிருந்து மறுபடி போன். "அந்த எலி மீசையில சினிமாவுக்குக் கீழ பாட்டுன்னு ஒண்ணு சேக்கணும். நானே சேத்துட்டேன், ஆனா ஐகான் நல்லால்ல. எங்கடா மாத்துறது?"

ரைட் கிளிக், எடிட் அப்ளிகேஷன், ஐகான் மேல் ஒரு கிளிக்.